சென்ட்ரலில் மாற எத்தனை நிமிடம்?

3 மார்ச் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

"அண்ணே, நான் மாதம் ஒரு முறை கோவையிலிருந்து ரயிலில் வந்து சென்னை சென்ட்ரலில் இறங்குகிறேன். வேலை எழும்பூரில். மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன்தான். ஆனால் பாதாளத்தில் இறங்கி, பையை மெஷினில் விட்டு எடுத்து, வண்டி ஏறி, எழும்பூரில் மறுபடி மேலே ஏறி வருவதற்குள் நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. இவ்வளவு பெரிய மாளிகையை மண்ணுக்குள் யாருக்காகக் கட்டினார்கள்? தினமும் போகிறவர்கள் சொல்லுங்கள்."

3 மார்ச், இரவு

தினமும் போகிறவன் நான். தண்டையார்பேட்டையில் மெட்ரோவின் நீலப் பாதையில் ஏறி, சென்ட்ரலில் பச்சைப் பாதைக்கு மாறி, செனாய் நகரில் இறங்குகிறேன். 2021 பிப்ரவரியில் வடக்கே விம்கோ நகர் வரை வண்டி விட்டதிலிருந்து இதே கதைதான். அதனால் அடித்துச் சொல்கிறேன்: சென்ட்ரலில் மாறுவதற்கு மூன்று நிமிடம் போதும். நடந்தே எழும்பூர் போகலாம் என்பதெல்லாம் வாய்ப்பந்தல்.

மாறுவது வேறு, தெருவுக்கு ஏறி வருவது வேறு. தம்பி இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்.

4 மார்ச்

சொன்ன வாய்க்காக இன்று காலை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மாறினேன். நீல வண்டியின் கதவு திறந்தபோது 9.04. பச்சை வண்டியில் நான் உட்கார்ந்தபோது 9.09. ஐந்து நிமிடம்.

எனக்கு முன்னால் எஸ்கலேட்டரில் ஒரு குடும்பம் போனது. நான்கு பெட்டி, ஒரு கைக்குழந்தை, துணி சுற்றிய ஒரு பித்தளைக் குடம். குடத்தை வைத்திருந்த பாட்டி எஸ்கலேட்டரில் காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து முடிக்கவே அரை நிமிடம் ஆனது. அதைக் கழித்தால் நாலரை. இருந்தாலும் மூன்று இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதல் தவறு என்னுடையது.

4 மார்ச், சாயங்காலம்

திரும்பும்போது பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறினேன். நடைமேடைக்கு நடைமேடை இரண்டே முக்கால் நிமிடம். அப்புறம் வண்டிக்காக ஆறு நிமிடம் நின்றேன்.

காலையில் நான் உட்காரும் வரை எண்ணினேன். சாயங்காலம் நடையை மட்டும் எண்ணினேன். இப்படி அளந்தால் எந்த முடிவும் வரும். இனி ஒரே அளவு: இந்த வண்டியின் கதவிலிருந்து அந்த வண்டி வரும் நடைமேடை வரை.

இன்னொன்று. பச்சைப் பாதை சென்ட்ரலில்தான் தொடங்குகிறது. அதனால் நீலத்திலிருந்து வருகிறவனுக்கு வண்டி பல நாள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும், உட்கார இடமும் கிடைக்கும். எதிர்ப்பக்கம் மாறுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விமான நிலையப் பக்கத்திலிருந்து நிறைந்து வரும் வண்டியில் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான். நான்கு வருடமாகப் போகிறேன், காலை நடை சுகம், மாலை நடை பாரம் என்று ஏன் தோன்றியது என்பது இன்றுதான் உறைத்தது.

6 மார்ச்

ஏன் இவ்வளவு ஆழம் என்று அயனாவரம் நண்பர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் மைத்துனர் அந்த வேலை நடந்தபோது ஒரு ஒப்பந்தக்காரரிடம் கான்கிரீட் லாரி ஓட்டியவர். பாதி அவர் சொன்னது, பாதி நான் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தது.

முதலில், இங்கே இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று போயாக வேண்டும். அதற்கு மேலே டிக்கெட் எடுக்கும் தளம். அதற்கு மேலே கூரை, கூரைக்கு மேலே கொஞ்சம் மண், அதற்கு மேல் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் போக்குவரத்து. நான்கு மாடி வீட்டைக் கவிழ்த்து மண்ணுக்குள் இறக்கியது போல.

இரண்டாவது, கூவம். நீலப் பாதை அரசினர் தோட்டத்திலிருந்து சென்ட்ரலுக்கு வரும்போது கூவத்துக்கு அடியில் வருகிறது. சுரங்கத்துக்கு மேலே குறைந்தது அதன் விட்டம் அளவுக்காவது மண் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆற்றுக்கு அடியில் அந்த அளவு விட்டால், அடுத்த ஸ்டேஷனுக்குள் நுழையும்போது எவ்வளவு மேலே வந்துவிட முடியும்?

மூன்றாவது, சுற்றிலும் இருக்கிற பெரியவர்கள். சென்ட்ரல் கட்டடம் 1873. விக்டோரியா பப்ளிக் ஹால் 1880-களில் எழுந்தது. ரிப்பன் மாளிகை 1913. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த உடம்புகள். பக்கத்தில் குழி தோண்டினால் நிலத்தடி நீர் வடியும், நீர் வடிந்தால் மண் அமுங்கும், மண் அமுங்கினால் சுவர் வாய் பிளக்கும். அதனால் திறந்த குழியாகத் தோண்டவில்லை. முதலில் நிலத்தில் ஒடுக்கமான பள்ளம் வெட்டுவார்கள். அது சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் குழம்பை ஊற்றி நிரப்புவார்கள். கம்பிக்கூண்டை அதற்குள் இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் போட, குழம்பு மேலே பொங்கி வெளியேறும். இப்படியே நாலு பக்கமும் சுவர். சுவர் நின்ற பிறகு கூரையைப் போட்டுவிட்டு, கூரைக்கு அடியில் ஒவ்வொரு தளமாகத் தோண்டிக்கொண்டே கீழே போவார்கள். மேலே உள்ள மாடியை முதலில் கட்டி, அடித்தளத்தைக் கடைசியில் போடும் வீடு. மைத்துனர் இதைச் சொன்னபோது என் அம்மா நம்பவே இல்லை. "குடிச்சிட்டு உளர்றான்" என்றார். அவர் காபிகூடக் குடிக்காதவர்.

ஆகவே தம்பி, குற்றவாளி ஆழம்தான்.

7 மார்ச்

குற்றவாளி ஆழம் இல்லை. நேற்று எழுதியதில் கடைசி வரியை அடித்துவிடுங்கள்.

லிஃப்ட், எஸ்கலேட்டர் பராமரிப்பு வேலை செய்யும் ஒரு வாசகர் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். எஸ்கலேட்டர் பொதுவாக 30 டிகிரி சாய்வில் இருக்கும். அந்தச் சாய்வில் நீளம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. பேச்சுக்கு 25 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்கலேட்டர் நீளம் மொத்தம் 50 மீட்டர். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் 100 விநாடி. நீங்கள் சிலை மாதிரி நின்றுகொண்டு வந்தாலும் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் மேலே வந்துவிடுவீர்கள்.

அப்படியானால் மிச்ச நேரம் எங்கே போகிறது? ஒரு எஸ்கலேட்டர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு நடப்பது. கேட் வரை நடப்பது. கேட்டிலிருந்து சரியான வாசல் வரை நடப்பது. எந்த வாசல் என்று தெரியாமல் நின்று அண்ணாந்து பலகை பார்ப்பது. ஆழத்தில் போவதைவிட நீளத்தில் போவதுதான் அதிகம்.

சரி, நீளம் ஏன் என்று கேட்டால், வண்டி நீளம். நான்கு பெட்டி வண்டிக்கு நடைமேடை வேண்டும். அப்புறம் தீ விபத்து விதி. மெட்ரோ நிலையம் கட்டுகிறவர்கள் பல நாடுகளில் பார்க்கும் என்.எஃப்.பி.ஏ. 130 என்று ஒரு நெறிமுறை இருக்கிறது. நடைமேடையில் இருக்கும் கூட்டம் முழுக்க 4 நிமிடத்துக்குள் அங்கிருந்து வெளியேற வேண்டும், 6 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். அதை மனதில் வைத்துப் படிகளைப் போட்டால், சாதாரண நாளில் யாரும் மிதிக்காத அகலமான படிக்கட்டுகள் நிறைய வரும். இவ்வளவு படி எதற்கு, ஒரு கல்யாணமே நடத்தலாமே என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

படிகளை ஒரு நாள் எண்ண ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்கியதில் எண் மறந்துவிட்டது. வயது 52.

9 மார்ச், ஞாயிறு

இன்று சோதனை. மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்ட்ரல் வாசலிலிருந்து எழும்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரிப்பன் மாளிகையைத் தாண்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு போய், காந்தி இர்வின் பாலத்தின் பக்கம் திரும்பி. 24 நிமிடம். வெயில் ஏறுவதற்கு முன், கையில் ஒன்றும் இல்லாமல், வழியில் நின்று ஒரு டீ குடித்த நேரத்தைக் கழித்து.

திரும்பி வந்து மெட்ரோவில் அதே பயணம். தெருவிலிருந்து தெரு வரை 15 நிமிடம். அதில் வண்டி ஓடியது இரண்டு நிமிடம்கூட இருக்காது.

தம்பி சொன்னது பொய்தான். ஆனால் நான் நினைத்த அளவுக்குப் பெரிய பொய் இல்லை.

9 மார்ச், மதியம்

போட்டு உடைத்துவிட்டார்கள். பெரம்பூர் வாசகர் எழுதுகிறார்: "உங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியமா? சென்ட்ரலுக்கு எதிரில் பார்க் ஸ்டேஷன். அங்கே எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். டிக்கெட் 5 ரூபாய்."

ஆமாம்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். ஏழு நாளாக இதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற வண்டி எதுவானாலும் பார்க்கிலும் நிற்கும், எழும்பூரிலும் நிற்கும். மகன் சிரித்துக்கொண்டே இருக்கிறான்.

12 மார்ச்

பார்க் ஸ்டேஷன் என்றதும் ஒன்று தோன்றியது. அந்த இடத்தில் பார்க் என்று ஒரு ஸ்டேஷன், பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன் என்று இன்னொரு ஸ்டேஷன். பார்க் எங்கே?

இருந்தது. மக்கள் பூங்கா என்று 1859-ல் கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவிலியன் காலத்தில் ஏற்பட்ட பெரிய பூங்கா. குளங்கள், பேண்டு வாத்தியம், மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. வெள்ளைக்காரன் பார்க் என்றான், நம் ஆட்கள் உயிர் காலேஜ் என்றார்கள். எழும்பூர் மியூசியத்தில் பாடம் பண்ணி வைத்த மிருகங்கள் இருந்ததால் அது செத்த காலேஜ். என் அப்பாவுக்கு ஊரே இந்த இரண்டு காலேஜுக்கு நடுவில்தான். "நான் ரெண்டு காலேஜும் முடிச்சவன்" என்பார். படித்தது எட்டாவது.

அந்தப் பூங்காவைத்தான் ஒவ்வொருவராகக் கூறு போட்டார்கள். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்த நிலத்தில் எழுந்தவை. மிருகங்கள் வண்டலூருக்குப் போய்விட்டன. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது, அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டி வண்டிக்காக அங்கே நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு "மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்" என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரியும்?

மூர் மார்க்கெட் எரிந்தபோது எனக்கு 12 வயது. அதற்கு ஒரு வருடம் முன்னால் அப்பா அங்கே ஒரு பழைய அட்லஸ் வாங்கிக் கொடுத்தார். அதில் பாகிஸ்தானே இல்லை. வகுப்பில் காட்டி, ஆசிரியரிடம் திட்டு வாங்கினேன். பழைய புத்தகக் கடைகள் பிறகு பின்னால் லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போயின. தரையில் குவித்து வைத்திருந்த காலத்து வாசனை அங்கே வரவில்லை.

எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், பழைய நகரத்தின் நடுவில் ஸ்டேஷன் தோண்ட வேண்டுமானால் முதலில் திறந்த நிலம் வேண்டும். சுரங்கத்தை எந்திரம் வீடுகளுக்கு அடியில் குடைந்துகொண்டு போய்விடும். ஸ்டேஷன் பெட்டியை அப்படிக் குடைய முடியாது, மேலிருந்துதான் இறங்க வேண்டும். சௌகார்பேட்டை சந்துகளில் அந்த அளவு இடத்துக்கு எங்கே போவது? இங்கே கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் வெட்டவெளி மிஞ்சியிருந்தது. அது மிஞ்சியதற்குக் காரணம் ஒரு காலத்தில் அங்கே பூங்கா இருந்ததுதான் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். பூங்கா போட்டவர், 150 வருடம் கழித்து மண்ணுக்கு அடியில் வண்டி ஓடும் என்று கனவு கண்டிருக்க வாய்ப்பில்லை.

13 மார்ச்

அட்லஸ் இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கறையான்.

15 மார்ச்

நேற்று மீனம்பாக்கத்தில் அக்கா மகனை வழியனுப்பிவிட்டு, விமான நிலைய ஸ்டேஷனில் வண்டி ஏறினேன். முகப்பில் "சென்ட்ரல்" என்று இருந்தது. உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆலந்தூர் தாண்டி அடுத்து கிண்டி வரும் என்று பார்த்தால் ஈக்காட்டுத்தாங்கல் வருகிறது. அப்புறம் அசோக் நகர். வடபழனியில்தான் முழுதாக விழித்தேன்.

விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு இரண்டு வழி. நீலப் பாதை அண்ணா சாலைக்கு அடியில் நேராக வரும். இன்னொரு நேரடி வண்டி ஆலந்தூரில் பச்சைப் பாதைக்குத் திரும்பி, கோயம்பேடு, அண்ணா நகர் எல்லாம் சுற்றி, எழும்பூர் வழியாக அதே சென்ட்ரலுக்கு வரும். இரண்டும் சென்ட்ரல். இரண்டும் சரி. வெளியூர்க்காரர்கள் தவறி ஏறினால் சரி, தினமும் போகிறவன் ஏறினால்? வீட்டில் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், என் மனைவி இதைப் படிப்பதில்லை.

2020-ல் மூன்று ஸ்டேஷன்களுக்குத் தலைவர்கள் பெயர் வைத்தபோது சென்ட்ரலுக்கு வந்த முழுப்பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல். கோயம்பேடு பஸ் நிலைய ஸ்டேஷன் புரட்சித் தலைவி டாக்டர் ஜெ. ஜெயலலிதா பெயரில். ஆலந்தூர் அறிஞர் அண்ணா பெயரில். பச்சைப் பாதையில் வந்தால் ஒரே பயணத்தில் மூன்று பேரையும் பார்த்துவிடலாம். தூங்கியதால் எனக்குக் கிடைத்த பாக்கியம்.

18 மார்ச்

அந்தத் தவறான பயணத்தில் ஒரு யோசனை வந்தது. நான்கு நாளாக அதுதான் மண்டையைக் குடைகிறது.

நீலமும் பச்சையும் இரண்டு இடத்தில் சந்திக்கின்றன. வடக்கே சென்ட்ரல், தெற்கே ஆலந்தூர். சைதாப்பேட்டைக்காரர் வடபழனி போக ஆலந்தூரில் மாறுவார், சென்ட்ரலுக்கு வர மாட்டார். சென்ட்ரலில் நிஜமாகவே ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறுகிறவர்கள் யார்? என்னைப் போல் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து அண்ணா நகர், கோயம்பேடு போகிறவர்கள். எழும்பூர், கீழ்ப்பாக்கத்திலிருந்து அண்ணா சாலை அலுவலகங்களுக்குப் போகிறவர்கள். நீங்கள் வேறு யாரையாவது சொல்லுங்கள், பார்க்கலாம்.

அதாவது, இரண்டு பாதையும் சந்திக்கும் இந்தப் பெரிய ஸ்டேஷனில் பாதை மாறுவது என்பது எங்களைப் போன்ற கொஞ்சம் பேரின் வேலை. மற்றக் கூட்டம் மேலிருந்து வருகிறது. கோவை, பெங்களூரு, ஹவுரா, டெல்லி வண்டிகளில் வந்தவர்கள். அரக்கோணம் புறநகர் வண்டியில் வந்தவர்கள். ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனைக்குச் சீட்டும் எக்ஸ்ரே கவரும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். இவர்களுக்கு மாறும் இடம் நடைமேடைகளுக்கு நடுவில் இல்லை. தெருமட்டத்திலும், பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அடியில் சென்ட்ரலையும் பார்க்கையும் ஜி.எச். பக்கத்தையும் இணைக்கும் சுரங்கப்பாதையிலும் இருக்கிறது.

முதல் நாள் நான் "மாறுவது வேறு, ஏறுவது வேறு" என்று தம்பியை மடக்கினேன் அல்லவா. அது பாதை வரைபடத்தைப் பார்த்துப் பேசிய பேச்சு. அவருக்கு மாறுவதே ஏறுவதும் இறங்குவதும்தான். மூன்று நிமிடம் என்று நான் அளந்தது எனக்கு மட்டும் பொருந்தும் அளவு.

18 மார்ச், பிற்சேர்க்கை

ஜி.எச்.சுக்குப் போகிறவர்கள் பற்றி ஒரு செவிலியர் எழுதியிருக்கிறார். நோயாளியோடு வருகிறவர்கள் அடிக்கடி ரிப்பன் மாளிகைப் பக்கம் ஏறிவிட்டு, எதிரில் தெரியும் ஆஸ்பத்திரிக்குச் சாலையைக் கடக்க முடியாமல் மறுபடி கீழே இறங்குவார்களாம். நானும் ஒரு முறை அப்படி ஏறியிருக்கிறேன். மண்ணுக்குள் கிழக்கு மேற்கு தெரிவதில்லை. வெளியில் இருந்தால் ரிப்பன் மணிக்கூண்டையும் சென்ட்ரல் மணிக்கூண்டையும் பார்த்தே சொல்லிவிடலாம், எது எந்தப் பக்கம் என்று. வெள்ளை ரிப்பன், சிவப்பு சென்ட்ரல். கீழே இரண்டுமே இல்லை.

என் வழி இது: கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே நின்று, பலகையில் நம் வாசலின் பெயரைப் பார்த்துவிட வேண்டும். கூட்டம் போகிற பக்கம் போகக் கூடாது. கூட்டம் பெரும்பாலும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறது.

20 மார்ச்

மண்ணைப் பற்றி ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே சாலை உள்வாங்கி, ஒரு பஸ்ஸும் காரும் குழிக்குள் இறங்கியதே, சென்ட்ரலில் அப்படி ஆகாதா என்று கேட்கிறார் ஒருவர். அது மேலே வண்டி ஓட, கீழே எந்திரம் குடைந்துகொண்டிருந்த நேரம். சென்னை மண் ஒரே மண் இல்லை. ஓர் இடத்தில் களி, பத்தடி தள்ளி மணல், அதற்கு அப்புறம் பாறை. எந்திரத்தின் முகத்தில் பாதி பாறை, பாதி மணல் என்று வந்தால் பாறையை அரைப்பதற்குள் மணல் ஓடிவிடும். மேலே வெற்றிடம் விழும். குடைந்து முடித்துக் கான்கிரீட் வளையங்களைப் பூட்டிய பிறகு கதை வேறு. நான் பயப்படாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

23 மார்ச், ஞாயிறு

அம்மாவை அழைத்துப் போனேன். வயது 78, முழங்கால் வலி. இத்தனை வருடமாக அவர் அந்த ஸ்டேஷனைப் பார்த்ததில்லை. லிஃப்டில் இறங்கினோம். கீழே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வண்டி வருவதைப் பார்த்து, "தண்டவாளமே தெரியலையே" என்றார். அந்தக் கண்ணாடிக் கதவுகள் ஆள் விழாமல் இருக்க மட்டும் போட்டவை இல்லை, சுரங்கத்தின் வெப்பக் காற்று நடைமேடைக்குள் வராமல் ஏ.சி. குளிர்ச்சியைக் காப்பதும் அவைதான் என்று விளக்கினேன். வண்டி குழாய்க்குள் வரும்போது முன்னால் இருக்கும் காற்றையெல்லாம் பிஸ்டன் மாதிரி தள்ளிக்கொண்டு வரும், திறந்து விட்டால் புடவை பறக்கும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"டவுன் ஹால் பக்கமாத்தான் இருக்கும்மா."

விக்டோரியா ஹாலை அம்மாவின் தலைமுறை டவுன் ஹால் என்றுதான் சொல்லும். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்ட இடம். அம்மாவின் அப்பா அங்கே நாடகம் பார்த்துவிட்டு, கடைசி டிராமைத் தவறவிட்டு, ராயபுரம் வரை நடந்தாராம். எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்டேன். "அவர்கிட்ட ஏது கடிகாரம்?"

தெருவிலிருந்து எழும்பூர் தெரு வரை, அம்மாவோடு, லிஃப்டுக்குக் காத்திருந்த நேரமும் சேர்த்து, 27 நிமிடம். கை வீசி நடந்த 24-ஐவிட மூன்று நிமிடம் அதிகம். தம்பி, கையில் பெட்டியோடு, ரயில் நடைமேடையின் அந்தக் கோடியிலிருந்து வரும் உங்கள் கணக்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். நீங்கள் சொன்னது வாய்ப்பந்தல் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அம்மாவால் 24 நிமிடம் நடக்க முடியாது. லிஃப்டில் 27 நிமிடம் முடிந்தது.

25 மார்ச்

கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து பதில் வந்துவிட்டது. இன்று காலை கோவை வண்டியில் வந்து இறங்கியிருக்கிறார். இந்த மூன்று வாரக் குறிப்புகளையும் ரயிலிலேயே படித்து முடித்தாராம். பார்க் ஸ்டேஷனுக்குப் போய் 5 ரூபாய் டிக்கெட் எடுப்பது என்று உறுதியாக முடிவு செய்துகொண்டு சுரங்கப்பாதையில் இறங்கியிருக்கிறார். ஏறி வந்தது ரிப்பன் மாளிகை வாசலில்.

ஆட்டோவில் போய்விட்டாராம். எவ்வளவு கேட்டான் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.